மூட்டுவாதம், படிப்பு, நீண்ட தூரப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் படிக்கும்போது எனக்கு ரூமட்டாய்டு மூட்டுவாதம் என்று சொன்னார்கள். இப்போது சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடப்பது, ஓடுவது, நீந்துவது எல்லாம் உண்டு. ஜூனியர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அக்கா, மூட்டில் நோயை வைத்துக்கொண்டு நீண்ட தூரம் நடப்பதும் ஓடுவதும் சரியா? எல்லோரும் ரெஸ்ட் எடுக்கத்தானே சொல்கிறார்கள்?

ரெஸ்ட் எடுக்கச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. பொதுமக்களுக்குச் சொல்லப்படும் உடற்பயிற்சி அளவுகள் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் பொருந்தும் என்று ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பான யூலார் 2018-இல் பரிந்துரை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. நமக்கும் அதுதான் இலக்கு. போய்ச் சேரும் வேகமும் வழியும்தான் வேறு.

மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது அழுத்தம் ஏறி இறங்க, அதைச் சுற்றியுள்ள திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு போகிறது. அசையாமல் கிடந்தால் அது குறையும், கூடவே தொடைத் தசையும் இளைக்கும். தசை தாங்க வேண்டிய சுமை முட்டியின் தலையில் விழும்.

இதைவிட முக்கியமான காரணம் இதயம். ரூமட்டாய்டு உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. உடம்பு முழுக்க ஓடும் அழற்சி ரத்தக் குழாய்களையும் விடுவதில்லை. இருபது வயதில் இதைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை, நாமும் விரலையும் முட்டியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ‘ஓடினால் முட்டி தேயும்’ என்று பயமுறுத்துகிறவர்கள், ஓடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லட்டும்.

எல்லா மூட்டுவாதமும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. எது என்று தெரியாமல் பயிற்சித் திட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

ரூமட்டாய்டில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. கை விரல், மணிக்கட்டு, பாதம் என்று பெரும்பாலும் இரு பக்கமும் வீங்கும். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பு இருக்கும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் இளைஞர்களின் இடுப்பையும் முதுகையும் பிடிக்கும். படுத்திருந்தால் அதிகமாகி, நடமாடினால் குறையும் முதுகுவலி அதன் அடையாளம். 16 வயதுக்குள் தொடங்குவது சிறார் மூட்டுவாதம். தேய்மானம் எனப்படும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் வயதானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கால்பந்திலோ கபடியிலோ முட்டியில் ஜவ்வு கிழிந்தவர்களுக்குச் சில வருடங்களிலேயே வரக்கூடும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சிக்குன்குனியா வந்து காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுவலி விடாமல் பிடித்துக்கொள்ளும். 2006-இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்து நின்றவர்களைப் பல வீடுகளில் பார்த்திருப்பார்கள். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் போகவில்லை என்றால் ‘அது குனியா வலிதான்’ என்று விட்டுவிடாமல் மூட்டுவாதச் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த டாக்டரிடம் போவது? எலும்பு டாக்டர் போதாதா?

வீக்கமும் காலை விறைப்பும் இருந்தால் ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுவாதச் சிறப்பு மருத்துவர். எலும்பு முறிவு, ஜவ்வுக் கிழிசல் என்றால் எலும்பு டாக்டர். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். ‘நான் ஓட விரும்புகிறேன், எந்த மூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?’ என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் அந்தப் பேச்சே வராது. ரூமட்டாய்டு பல வருடமாக இருந்தால் கழுத்து எலும்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

நடையிலிருந்து. ஓட்டத்திலிருந்து அல்ல.

வாரத்தில் நான்கு நாள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட மட்டும் முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். கையில் கட்டும் கடிகாரம் எதுவும் வேண்டாம். இரண்டு வாரம் அப்படியே. மூட்டு ஒத்துக்கொண்டால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள், மறுபடி இரண்டு வாரம் அப்படியே. வாரா வாரம் கூட்டச் சொல்லும் திட்டங்கள் மூட்டு நன்றாக இருப்பவர்களுக்காக எழுதியவை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாருக்கு மாதங்கள் ஆகும். ‘மூச்சு வாங்கவே இல்லையே, இன்னும் கொஞ்சம் போகலாமே’ என்று தோன்றும் கட்டத்தில்தான் பலர் கணுக்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நாற்பது நிமிடம் தொடர்ந்து நடந்தும் மறுநாள் ஒன்றும் இல்லை என்றால், நடுநடுவே ஒரு நிமிடம் மெதுவாக ஓடி மூன்று நிமிடம் நடக்கலாம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா? வலிக்காமல் எங்கே இருக்கிறது?

உண்மைதான். வலியே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் படிப்பு முடிந்து வேலைக்கும் போய்விடுவோம்.

பிசியோதெரபிஸ்ட்கள் பரவலாகச் சொல்லும் இரண்டு மணி நேர விதி எனக்குப் பிடித்தது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும், தொடங்கும் முன் இருந்ததைவிட வலி அதிகமாக இருந்தால், அன்று செய்தது அதிகம். அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள், விட்டுவிட வேண்டாம்.

அதோடு நான் மறுநாள் காலையையும் சேர்த்துக்கொள்கிறேன். என் அளவுகோல் துப்பட்டாவுக்குக் குத்தும் ஊக்கு. வழக்கமான நாளில் கண்ணாடியைப் பார்க்காமலே குத்திவிடுவேன். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் ஊக்கை அழுத்தித் திறக்கவே அடம் பிடித்தால் அன்று ஓட்டம் கிடையாது, நடைதான். சட்டை பட்டன், பேஸ்ட் மூடி, பால் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழிப்பது என்று உங்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். தினமும் செய்யும் வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்த விரல் சொல்வதுதான் அன்றைய திட்டம்.

தசை வலிப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. தொடையில் பரவலாக வலித்து இரண்டு நாளில் போனால் அது தசை. மூட்டின் மடிப்பிலேயே குத்தினாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, வீங்கினாலோ அது மூட்டு. ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரெனச் சிவந்து, கொதித்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

சென்னையில் எல்லோரும் காலை ஐந்து மணிக்கே ஓடுகிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் கையை மடக்கவே முடியாது. என்ன செய்வது?

இந்த ஊரில் ஓடுபவர்கள் மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் விடியுமுன் கூடுவதற்குக் காரணம் வெயில். ஏழு மணி தாண்டினால் ஏப்ரல், மே மாதங்களில் தார்ச்சாலை சுட ஆரம்பித்துவிடும். ஆனால் ரூமட்டாய்டு உள்ளவர்களுக்கு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் உச்சத்தில் இருப்பது சரியாக அந்த விடியற்காலையில்தான். ஊருக்கு நல்ல நேரம் நமக்குக் கெட்ட நேரம்.

காலையில்தான் முடியும் என்றால் எழுந்ததும் கிளம்பாதீர்கள். வெந்நீரில் கை வையுங்கள், முடிந்தால் குளித்தே விடுங்கள். வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்து, கணுக்காலைச் சுழற்றி, விரல்களை மடக்கி நீட்டிவிட்டுப் பிறகு போங்கள். இதற்கு நாலரைக்கு எழ வேண்டும். இரவு ஒரு மணி வரை ரெக்கார்ட் நோட் எழுதியவர் நாலரைக்கு எழுந்து ஓடுவதைவிட, ஆறரை வரை தூங்குவது மூட்டுக்கு நல்லது. தூக்கம் குறைந்த மறுநாள் வலி கூடுதலாகத் தெரியும். மன உறுதி குறைவதால் வருவதல்ல அது, உடம்பு வலியை உணரும் விதமே மாறிவிடுகிறது.

மாணவர்களுக்கு நான் சொல்வது மாலை நேரம். நாளெல்லாம் நடமாடியதில் மூட்டு இளகியிருக்கும். கல்லூரி மைதானம் இருந்தால் ஆறு மணிக்குப் பிறகு அதுவே போதும். இல்லாவிட்டால் லஸ் பக்கம் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகரில் டவர் பூங்கா, சேத்துப்பட்டில் ஏரியைச் சுற்றி இருக்கும் பூங்கா என்று நடைபாதை உள்ள இடங்கள் இருக்கின்றன. மாலைக் கூட்டத்தில் வேகமாகப் போக முடியாது என்பது தொடங்குகிறவருக்கு நல்லதே.

ஆங்கிலோசிங் உள்ளவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அவர்களில் பலருக்குக் காலையில் உடம்பை அசைத்தால்தான் முதுகே திறக்கும். லேசாகக் காலையில், கடுமையாக மாலையில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கடற்கரைக்குப் போனால் நடைபாதையிலேயே இருங்கள். ‘மணல் மெத்தென்று இருக்கும், முட்டிக்கு நல்லது’ என்பார்கள். உலர்ந்த மணலில் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் ஒரு பக்கம் புரளும். வீக்கம் உள்ள கணுக்காலுக்கு அது தண்டனை.

ஓட்டமா, சைக்கிளா, நீச்சலா? எது மூட்டுக்கு நல்லது?

மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்திருக்க வேண்டும் என்பேன். ஒரு மூட்டு முரண்டு பிடிக்கும் வாரத்தில் இன்னொன்றுக்கு மாறிக்கொண்டால் தாக்குப்பிடிக்கும் திறன் அப்படியே நிற்கும்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் பாதியும், மார்பளவில் அதற்கு மேலும் குறைந்துவிடும். அதனால் நீந்தத் தெரியாதவர்கள்கூட ஆழம் குறைந்த பக்கத்தில் நடக்கலாம், அதுவே நல்ல பயிற்சி. மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளமும், வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகமும் இருக்கின்றன. தவளை மாதிரி காலை விரித்து உதைக்கும் நீச்சல் இடுப்புக்கும் முட்டிக்கும் சிரமம். தோளில் வீக்கம் இருந்தால் கையைச் சுற்றிப் போடும் நீச்சலும் வேண்டாம், பலகையைப் பிடித்துக் காலை மட்டும் அடியுங்கள்.

சைக்கிள் முட்டிக்கு நல்லது, மணிக்கட்டுக்கு அப்படி இல்லை. நம் தெருக்களின் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் கை வழியாகத் தோள் வரை ஏறும். விரல் வீங்கிய நாளில் பிரேக்கை முழுக்க அழுத்த முடியாது, அது வலியைவிட ஆபத்து. அந்த மாதிரி நாளில் இசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கமே போகாமல் ஜிம்மில் நிற்கும் சைக்கிளில் ஏறிக்கொள்ளுங்கள். இருக்கை உயரம் முக்கியம். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். தாழ்வாக வைத்து ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும்.

ஓட்டம்? ‘ஓடினால் தேயும்’ என்பதற்கு ஆதாரம் பலவீனம். 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் அது 13.3 சதவீதம். இவையெல்லாம் பொதுவான மக்களின் எண்கள். மூட்டில் ஏற்கெனவே அழற்சி உள்ளவர் இதைக் காட்டி டாக்டரிடம் வாதாடக் கூடாது. மெதுவாக, அளவாக ஓடுவது தன்னளவில் மூட்டுக்கு எதிரி இல்லை என்பது வரைக்கும்தான் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாள் எழவே முடிவதில்லை. அன்றைக்கும் பயிற்சி செய்ய வேண்டுமா?

வேண்டாம். ரூமட்டாய்டுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு முறைதான், தவறியும் தினமும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்ட மறுநாள் குமட்டல், சோர்வு, தலை கனமாக இருப்பது பலருக்கும் உண்டு. நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சென்னையில் நீண்ட ஓட்டம் என்றாலே ஞாயிறு காலை என்று வழக்கமாகிவிட்டது. நீங்கள் நீண்ட நடையை சனி மாலைக்கு மாற்றுங்கள். வந்து குளித்து, நன்றாகச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுப் படுங்கள். ஞாயிறு எப்படியும் வகுப்பு இல்லை. டாக்டர் குறித்துக் கொடுத்த ஃபோலிக் ஆசிடைத் தவறவிடாதீர்கள், குமட்டல் குறைவதில் பாதி அதன் புண்ணியம். வாயில் புண், விடாத வறட்டு இருமல், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனைத் தேதி தேர்வு வாரத்தில் விழுந்தால் முந்தைய வாரமே கொடுத்துவிடுங்கள்.

கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது. திருமணம் நிச்சயமாகும் தங்கைகள் வெட்கப்படாமல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூட்டுவாதத்துக்கான இன்னொரு மாத்திரையான சல்ஃபாசலசின் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. தண்ணீர் போதுமா என்று சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். அந்த மாத்திரையே சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். நிறத்தை நம்பாமல், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து எவ்வளவு குறைந்தது என்று கவனியுங்கள்.

ஓடும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சென்னை வியர்வையில் உடம்பில் நீர் வற்றும்போது அதே சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். வயிற்றுப்புண் வேறு. அதோடு, நிறுத்து என்று சொல்லும் வலியை அடக்கிவிட்டு ஓடினால் எப்போது நிறுத்துவது? டாக்டர் தினமும் சாப்பிடச் சொல்லியிருந்தால் அது வேறு. அப்போது வெயில் காலத்தில் நீண்ட பயிற்சி பற்றி அவரிடமே கேளுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை ‘எடை போடுகிறது, ஓட முடியவில்லை’ என்று நீங்களாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

ஃபிளேர் (வலியும் வீக்கமும் திடீரென அதிகமாவது) வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

இல்லை. பத்து நாள் நின்றதால் தாக்குப்பிடிக்கும் திறன் பெரிதாகப் போய்விடாது. வீக்கம் உள்ள மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள், மற்ற மூட்டுகளுக்கு வேண்டாம். மணிக்கட்டு வீங்கினால் நடக்கலாம், பாதம் வீங்கினால் உட்கார்ந்தபடி கைப்பயிற்சி செய்யலாம். வீங்கிய மூட்டையும் நாளுக்கு ஓரிரு முறை, வலிக்காத எல்லை வரை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். திரும்ப வரும்போது விட்ட இடத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

செமஸ்டர் தேர்வு நேரத்தில் எல்லாம் நின்றுபோகிறது. தேர்வு முடிந்ததும் மூட்டும் மோசமாகிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பயிற்சி, படிப்பு, பஸ் பயணம், தூக்கம் எல்லாமே ஒரே உண்டியலில் இருந்து எடுக்கும் காசு. நாம் பயிற்சியை மட்டும் கணக்கு எழுதுகிறோம். 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து முக்கால் மணி நேரம் நிற்பது தோளுக்கும் முட்டிக்கும் வேலை. நூலகத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது இடுப்புக்கும் முதுகுக்கும் வேலை. மூன்று மணி நேரம் பேனாவை அழுத்தி எழுதுவது விரல்களுக்கு மாரத்தான். தேர்வு மாதத்தில் ஓடவில்லை என்றாலும் மூட்டு ஓய்வில் இல்லை. போதாக்குறைக்கு தூக்கமும் குறைந்து, மெஸ்ஸில் சாப்பாட்டையும் விட்டு, காபியில் ஓட்டுகிறோம்.

தேர்வு மாதத்தில் புதிதாக எதையும் கூட்டாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றினால் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், ஆனால் வழக்கமான வேகத்தைக் குறைக்காமல். நாட்களையும் நேரத்தையும் குறைத்தாலும் வேகம் குறையாமல் இருந்தால் பெற்ற திறன் பல வாரம் நிற்கும் என்பது பயிற்சி அறிவியலில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். மெதுவாகத் தினமும் பத்து நிமிடம் நடப்பதைவிட இது பயன் தரும்.

உட்காருவதைப் பற்றி: நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் படிக்கிறவர்களுக்கு என் யோசனை, தண்ணீர் பாட்டிலைப் பாதிதான் நிரப்பிக்கொள்ளுங்கள். தாகம் எழுப்பிவிடும், அலாரம் வைத்து பக்கத்துச் சீட்டுக்காரரிடம் முறைப்பு வாங்க வேண்டாம். ஏசி குளிரில் விரல் விறைத்தால் முழுக்கைச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். தரையில் சம்மணம் போட்டுப் படிக்கும் பழக்கம் முட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஒத்துவராது. நாற்காலியில் உட்கார்ந்து காலை அவ்வப்போது நீட்டுங்கள்.

பல்கலைக்கழகத் தேர்வுகள் பெரும்பாலும் நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் வருகின்றன. ஒன்று வடகிழக்குப் பருவமழை, இன்னொன்று கத்திரி வெயில். வெளியே பயிற்சி செய்ய இரண்டுமே மோசமான காலம். அதனால் வருடத் திட்டம் போடும்போது ஜனவரி முதல் மார்ச் வரையும், ஜூலை முதல் செப்டம்பர் வரையும் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் காப்பாற்றுங்கள்.

தேர்வில் கை வலியால் முழுசாக எழுத முடியவில்லை. கூடுதல் நேரம் கிடைக்குமா?

கிடைக்க வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு எழுத்தர் (நாம் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்) உதவியும், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரமும் மத்திய அரசின் வழிகாட்டுதலில் உண்டு. சட்டப் பட்டியலில் ரூமட்டாய்டு தனியாக இல்லை. அதனால் ஏற்படும் இயக்கக் குறைபாடு அதில் வரலாம். 40 சதவீதம் இல்லாவிட்டாலும், எழுதுவதில் சிரமம் இருந்தால் எழுத்தர் உதவியை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது. அரசு மருத்துவமனைச் சான்று தேவைப்படும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடாமல், செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே தேர்வுப் பிரிவில் எழுத்தாக மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

சரி, அதுவரை? தடித்த பேனா, அழுத்தாமல் ஓடும் ஜெல் மை. பேனாவின் மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டாலும் போதும்.

பயிற்சியோடு தசைக்கு எடை தூக்க வேண்டுமா?

ஆம், வாரத்துக்கு இரண்டு நாள். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, படுத்தபடி இடுப்பைத் தூக்குவது. ஹாஸ்டல் அறையிலேயே முடியும்.

ஷூ எது வாங்குவது?

விலையைவிட முன்பக்க அகலம் முக்கியம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள், விரல்களை உள்ளே அசைத்துப் பாருங்கள். கயிறு கட்ட விரல் ஒத்துழைக்காதவர்கள் எலாஸ்டிக் கயிறு மாட்டிக்கொள்ளலாம். மழைக் காலத்தில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

எதைச் சாப்பிடுவது? முடக்கத்தான் கீரை, மஞ்சள் எல்லாம் வேலை செய்யுமா? தக்காளி, உருளைக்கிழங்கை விடச் சொல்கிறார்களே?

முடக்கத்தான் தோசை எனக்கும் பிடிக்கும். சாப்பிடுங்கள், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரூமட்டாய்டில் மருந்தில்லாமல் போகும் மாதங்களில் எலும்பு அரிக்கப்படும், அரித்தது திரும்பாது. தக்காளி, கத்திரிக்காய், உருளை எல்லோருக்கும் ஆகாது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனித்திருந்தால் விடுங்கள்.

கவனிக்க வேண்டியது புரதமும் இரும்புச் சத்தும். அழற்சி இருப்பவர்களுக்கு ரத்தசோகை சாதாரணம். மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். மெஸ் சாப்பாட்டோடு ஒரு முட்டை, சாயங்காலம் சுண்டல் அல்லது வேர்க்கடலை, அசைவம் சாப்பிடுவோர் வாரத்தில் இரண்டு நாள் மத்தி மீன். ஓடி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். முட்டித் தேய்மானமும் கூடுதல் எடையும் சேர்ந்து இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். ‘இருக்கிற உடம்பையும் கெடுத்துக்காதே’ என்று அம்மா அழுகிறார்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். நீங்கள் ஆயிரம் சொன்னாலும் ஏறாது, டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் ஏறும். அப்புறம் ஒரு நாள் நடைக்கும் கூப்பிடுங்கள். அம்மாவுக்கும் முட்டி வலி இருக்கும், சொல்லியிருக்க மாட்டார்.

மாரத்தான் ஓடலாமா?

அமெரிக்கச் சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டின் ஆர்ம்ஸ்ட்ராங் டிரையத்லான் போட்டியாளராக இருந்தார். 2001-இல் இரண்டு இடுப்பிலும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். ஓட்டத்தை விட்டு முழுக்கச் சைக்கிளுக்கு மாறி 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தனிநபர் நேரப் போட்டியில் தங்கம் வாங்கினார். எதையும் ஓடிக் காட்டிவிடலாம் என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அதில் பார்ப்பது அவர் ஓட்டத்தை விட்டதைத்தான்.

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கிறது. அதற்கான நீண்ட ஓட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழையிலும் செமஸ்டர் தேர்விலும் வந்து விழும். படிக்கும் காலத்தில் 10 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஒரு வருடம் ஃபிளேர் இல்லாமல் போனால், டாக்டரும் சரி என்றால், 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான் பற்றி யோசிக்கலாம். 42.2 கிலோமீட்டர் முழு மாரத்தான் எங்கும் ஓடிப் போய்விடாது, பட்டம் வாங்கிவிட்டு வாருங்கள். பெயர் கொடுத்தாலும் அன்று காலை ஊக்கு குத்த முடியவில்லை என்றால் டி-ஷர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருங்கள்.

முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். இப்போது வலியே இல்லை. ஓடிவிடலாமா?

முதல் ஒன்றிரண்டு நாள் அந்தக் காலுக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள். வலி போனது ஊசியால், முட்டி பலமானதால் அல்ல. முன்பு செய்த அளவில் பாதியை நடையாகத் தொடங்கி, எப்போது ஓடலாம் என்று ஊசி போட்ட டாக்டரிடமே தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.